பிரிபேப்பு டீச்சர்

ஊரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கன்வாடியில் இருப்பவர் பணியாளர், டீச்சர் கிடையாது என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒருமுறை திருத்தினாராம். "அப்பிடின்னா?" என்று கேட்டிருக்கிறார் இவர். அதிகாரி விளக்கினார். பாடம் நடத்துபவர் டீச்சர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, எடை பார்ப்பது, சோறு போடுவது, தூங்க வைப்பது எல்லாம் பணியாளர் வேலை. "அப்ப டீச்சர்மாரு பாடம் மட்டுந்தான் நடத்துவாவளா?" என்றார் இவர். அதிகாரி பதிவேட்டைக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு, "சரி டீச்சர், இன்னைக்கு எத்தன பிள்ளைங்க வந்திருக்கு?" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய "அப்பிடின்னா?" கிண்டல் இல்லை. நான் முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, பதில் வரும்வரை கண் கொட்டாமல் பார்ப்பார். பதில் வந்ததும் அதிலிருந்து இன்னொரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அதற்கும் கேட்பார். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று பின்னொரு நாள் நானே கேட்டிருக்கிறேன். "தெரியாததுனாலதான் தம்பி கேக்கேன்" என்றார். வேறு காரணம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நான் அப்போது ஒரு கேபின் கம்பெனியில் சைட் இன்ஜினியர். வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட். சுவர், கூரை, கதவு, சன்னல் எல்லாம் அங்கேயே தயாராகும். ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து, கேட்ட இடத்தில் மாட்டிக்கொடுப்பது என் வேலை. தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றி செக்யூரிட்டி ரூம், சைட் ஆபீஸ் என்று நிறைய மாட்டியிருக்கிறேன். அங்கன்வாடிக்கு மாட்டியது அந்த ஒன்றுதான்.

துறைமுகத்துக்கு வடக்கே உள்ள மீனவ ஊர் அது. பழைய அங்கன்வாடிக் கட்டடத்தில் மேல்தளத்துப் பூச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் இல்லாத நாள். அதன் பிறகு மாதா கோயிலில் ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில் நான்கு மாதம் இருந்தார்கள். சரக்குக் கிடங்கு வைத்திருந்த ஒரு நிறுவனம், அரசு புதுக் கட்டடம் கட்டும்வரை ஒரு கேபின் தருவதாக ஒத்துக்கொண்டது. பதினெட்டு மாதம் என்று பேச்சு.

பேனல்களை இறக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை, அது அவருடையது இல்லை.

"இது என்னது தம்பி?"

"உங்களுக்கு வந்த கேபின்தான் டீச்சர். ப்ரீஃபேப்."

"அப்பிடின்னா?"

"ஃபேக்டரியிலயே செஞ்சு கொண்டாந்து இங்கன மாட்டுறது. ப்ரீன்னா முன்னாடி. ஃபேப்னா செய்யது."

"எதுக்கு முன்னாடி?"

"இங்கன வாரதுக்கு முன்னாடி."

"நாங்க கேக்கதுக்கும் முன்னாடியா?"

யோசித்தேன். நான்கு வருடமாக எங்களிடம் இருந்தது ஒரே டிசைன்தான். "ஆமா டீச்சர்."

"அப்ப நாங்க கேட்டது எதுவும் இதுல இருக்காது."

குறையாகச் சொல்லவில்லை. ஒன்று புரிந்துவிட்ட நிம்மதியில் சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. பிள்ளைகள் வெளியே பார்க்கிற உயரத்தில் சன்னல், தொட்டில் கட்ட மேலே ஒரு குழாய், சமையலுக்குத் தனித் தடுப்பு என்று மூன்று விஷயங்களை அவர் மனுவில் எழுதிக் கொடுத்திருந்தார். கேபினில் ஏசி மாட்ட ஓட்டை இருந்தது. வரைபடங்களை விரித்து வைக்க ஒரு பலகை இருந்தது. சன்னல் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

இறக்க உதவிக்கு வந்திருந்தவர்களில் சேவியர் அண்ணன் என்று ஒருவர், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல டீச்சர். பிரிக்கலாம்லா, அதான் பிரிபேப்பு" என்றார். அது அப்படி இல்லை, இங்கிலீஷ் வார்த்தை என்று நான் விளக்கப் பார்த்தேன். டீச்சர் இரண்டையும் மனதில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேரு சொல்லுததும் சரியாத்தான் இருக்கு. முன்னாடியே செஞ்சது. பெறவு பிரிக்கது" என்றார். அதன் பிறகு அந்த ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு விளக்கம் எடுபடவில்லை.

சீக்கிரமே அது மற்ற இடங்களுக்கும் போய்விட்டது. கடையில் விற்கும் பாக்கெட் மாவு பிரிபேப்பு மாவு ஆனது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த ஒருவரை பிரிபேப்பு மாப்பிள்ளை என்றார்கள். அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் இவரையே பிரிபேப்பு டீச்சர் என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கு மட்டும் அவர் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்க அரை நாள் ஆனது. அதில் 'மூவபிள் அசெட்' என்று ஒரு வரி.

"அப்பிடின்னா?"

"தூக்கிட்டுப் போகலாம்னு அர்த்தம்."

"யாரு?"

"குடுத்தவிய."

"எப்பம்?"

"பதினெட்டு மாசம் கழிச்சு."

"புதுக் கெட்டடம் வரலன்னா?"

"வந்துரும் டீச்சர்."

அவர் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில், 'புதிய கட்டடம் கட்டி முடியும்வரை இதைத் தூக்கக் கூடாது' என்று குண்டு குண்டாக எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டு நகலிலும் எழுதினார். எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஃபைலில் போட்டார்.

கூரையில் ஒழுகல் பார்க்க, சிலிக்கான் பூச என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். தொட்டிலுக்கு சேவியர் அண்ணன் தரையிலேயே நிற்கும் குழாய்ச் சட்டம் ஒன்று பற்றவைத்துக் கொடுத்திருந்தார். சன்னல் அடியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அதில் ஏறி நின்று கடலைப் பார்க்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், எடை அட்டவணை முதல் மாதா படம் வரை எல்லாம் தரையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் தவழ்ந்துபோய் மாதாவைத் தொட்டுப் பார்த்தன. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "அடிக்கக் கூடாதுன்னா கூடாதுதான?" என்றார் டீச்சர்.

ஒருநாள் முகாமுக்கு வந்த டாக்டர் அம்மா ஒரு பிள்ளையின் எடையைப் பார்த்து, "கொஞ்சம் பார்டர்லைன்" என்றதை நானே கேட்டேன். அப்பிடின்னா என்றார் டீச்சர். கவனிக்கணும் என்றார் டாக்டர். யார் கவனிக்கணும், எதைக் கவனிக்கணும், எத்தனை நாள், கவனித்த பிறகு யாரிடம் சொல்லணும் என்று ஒவ்வொன்றாகப் போனது. வரிசையில் இன்னும் பதினைந்து பிள்ளைகள் இருந்தன. கடைசியில் டாக்டர் பேனாவை எடுத்து பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை ஒரு மாதம் அங்கே உள்நோயாளியாக இருந்தது. திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை வைத்திருந்தது.

அவர் கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வேலை. அங்கேயே வேறு வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் போன் பண்ணி, சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாராம்.

"சீக்கிரம்னா எப்பம்னு கேட்டேன் தம்பி. பாக்கலாம்னாவ. பாக்கலாம்னா என்னன்னு கேட்டேன். போன் நின்னுட்டு. சிக்னல் இல்லாமலா, இல்ல அவியளே வச்சிட்டாவளான்னு தெரியல்ல. அத மட்டும் யாருட்டயும் கேக்க முடியல."

சொல்லிக்கொண்டே சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கேபினின் அடிச்சட்டத்தில் மூலைக்கு இரண்டாக எட்டு ஓட்டைகள் இருக்கும். எட்டிலும் நீளமான போல்ட்டை இறக்கி, கீழே உள்ள சிமென்ட் மேடையோடு சேர்த்து முடுக்க வேண்டும். கேபினைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். மாட்டிய அன்று நான்காவது போல்ட்டில் ட்ரில் பிட் உடைந்தது. வேறு பிட் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். கிரேன்காரர் அடுத்த வேலைக்குப் போகணும் என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றோடு நிறுத்தினேன். தாளில் எட்டு என்று டிக் அடித்தேன். மறுநாள் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் வேறொன்று.

முதல் முறை ஒழுகல் பார்க்கப் போனபோது டீச்சர் குனிந்து காட்டினார். "இந்த ஓட்டை எதுக்கு தம்பி?"

"அது எக்ஸ்ட்ரா டீச்சர்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த டிசம்பர் மழை வந்தபோது நான் ஆறுமுகநேரிப் பக்கம் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். சாலை இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மா என்ன ஆக்கிப்போட்டாலும் ஐந்து ஓட்டைகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்கு வந்த ஒருவர், உப்பளத்தில் இருந்த ஒரு பெட்டி வீடு தண்ணீரில் மிதந்துபோய்க் குப்புறக் கிடக்கிறது, காவல்காரர் அதன் மேலேறி உட்கார்ந்து தப்பித்தார் என்று செய்தி சொன்னார். அது எங்கள் கம்பெனி கேபின். நான் மாட்டியது இல்லை.

நான்காம் நாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லாரியிலும் போய்ச் சேர்ந்தேன். கேபின் நின்றுகொண்டிருந்தது. வள்ளத்தைக் கட்டுகிற நைலான் கயிற்றைக் கூரைக்கு மேலாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ஒரு பக்கம் மின்கம்பத்திலும் மற்ற மூன்று பக்கம் மணலில் புதைத்த நங்கூரங்களிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கோயில் முழுக்கக் கூட்டம் என்பதால் கைக்குழந்தைக்காரிகளை மேடான இடம் என்று இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏழு கைக்குழந்தைகள் இருந்தன.

டீச்சர் ஈரத் துணிகளைப் பெஞ்சில் விரித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி மேடைக்கு மேல ஏறுனதும் அந்தப் பக்கம் லேசாத் தூக்குச்சு தம்பி. அப்பந்தான் அந்த ஓட்டை எதுக்குன்னு தெரிஞ்சுது. சேவியரக் கூப்பிட்டுக் கெட்டச் சொன்னேன்."

நான் ஒரு துணியின் மறுமுனையைப் பிடித்து விரித்தேன்.

"தப்பு எம்மேலதான். எக்ஸ்ட்ரான்னா என்னன்னு அன்னைக்கே கேட்டுருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தன் மேல்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே தனியாகப் போய் ஐந்து போல்ட்டையும் போட்டேன். கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்றதற்கு சேவியர் அண்ணன், "இருக்கட்டும் வே, அது ஒண்ணும் சோறு கேக்கல்ல" என்றார்.

வெயில் காலத்தில் பதினெட்டு மாதம் முடிந்தது. புதுக் கட்டடம் அஸ்திவாரத்தோடு நின்றது. கேபினைக் கொடுத்த நிறுவனத்துக்கு வேறொரு யார்டில் அது தேவைப்பட்டது. மேனேஜர் என்னைக் கிரேனோடும் ட்ரெய்லரோடும் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் பன்னிரண்டரை.

"எடுத்துட்டுப் போகணும் டீச்சர். ரீலொகேஷன்."

"அப்பிடின்னா?"

"இடம் மாத்துறது."

"பிள்ளையளையும் சேத்தா?"

"இல்ல. கேபின மட்டும்."

"பிள்ளைய எங்க இருக்கும்?"

என்னிடம் இருந்த ஃபார்மில் அதற்கு இடமில்லை. டீச்சர் தன்னிடமிருந்த நகலை எடுத்துவந்து தாளோரத்தைக் காட்டினார். நான் ஏற்கெனவே படித்ததுதான். கயிறு கட்டியவர்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள், அவர்கள் வந்துதான் அவிழ்க்க முடியும் என்றும் சொன்னார். வெட்டிரலாம் சார் என்றார் கிரேன்காரர். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஃபார்மில் முதல் கேள்வி, கேபின் காலியாக உள்ளதா என்பது. ஆம் என்று போட்டால்தான் தூக்கலாம். சன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தொன்பது பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன, தொட்டிலில் இரண்டு. மேனேஜருக்குப் போன் பண்ணினேன்.

"வெளிய நிறுத்திட்டு ஆம்னு போடு" என்றார்.

"தூங்குதுங்க சார்."

"எழுப்பு."

நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். கிரேன் பின்னால் போகும்போது கத்திய கத்தலில் ஒரு பிள்ளை எழுந்து அழுதது. டீச்சர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிரேன் போவதை வேடிக்கை காட்டினார்.

எங்கள் கம்பெனி கொடுத்த புகாரில் பத்து நாள் கழித்து விசாரணை. கேபினுக்குள்ளேயே நடந்தது. துறை அதிகாரி, எங்கள் மேனேஜர், டீச்சர், நான் என்று நான்கு பேரும் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில், முழங்கால் தாடைக்கு அருகில் வர உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளை ஆயாம்மா வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். தாளோரத்து எழுத்தைப் பற்றி மேனேஜர் பேசவே இல்லை. அவர் கயிற்றைப் பற்றிப் பேசினார். அனுமதி இல்லாமல் கயிறு போட்டு இழுத்ததில் கூரை பேனல் நெளிந்துவிட்டது, இனி இதில் பிள்ளைகளை வைப்பது ஆபத்து, உடனே எடுத்தாக வேண்டும், சேதத்துக்கு டீச்சர்தான் பொறுப்பு என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"எதுக்கும்மா கயிறு கட்டுனீங்க?"

"தூக்குச்சு சார். கெட்டுனோம்."

"எதனால தூக்குச்சு?"

"தண்ணியால சார்."

அதிகாரி அதையும் எழுதினார். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும் என்கிற மாதிரி அதிகாரி ஏதோ சொன்னார். அந்த வார்த்தைக்கு டீச்சர் அர்த்தம் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"சார், எட்டு போல்ட் போடணும். மூணுதான் போட்டிருந்தேன். எட்டுன்னு எழுதிட்டேன். கயிறு கெட்டலன்னா இது கவிழ்ந்திருக்கும்" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். எந்த மூன்று என்று கேட்டார். எழுந்துபோய்க் காட்டினேன். பிறகு போட்ட ஐந்தும் புதிதாக மின்னிக்கொண்டிருந்தன.

புதுக் கட்டடம் முடியும்வரை கேபின் அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவானது. முடிய இன்னும் பல மாதம் ஆனது. அதற்குப் பிறகு சேவியர் அண்ணனும் ஆட்களும் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்க, வேறொரு கம்பெனி வந்து கேபினைப் பிரித்துக்கொண்டு போனது. டீச்சர் வேறு ஊருக்கு மாறுதலாகி, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி. இதெல்லாம் நான் அங்கே இல்லாதபோது நடந்தவை.

விசாரணை முடிந்த அன்று நடந்தது மட்டும் எனக்கு நேரில் தெரியும். மேனேஜர் காரில் ஏறுவதற்கு முன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதிகாரியும் போய்விட்டார். எனக்குப் பேருந்து இரண்டு மணிக்குத்தான். பிள்ளைகள் உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தன.

"டீச்சர், போல்ட் போடாதது நான்தான்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பெறவு ஏன் சொல்லல?"

"அவரு எதனாலன்னுதான கேட்டாரு. யாராலன்னு கேக்கல்லையே" என்றார். பிறகு, "உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று வரிசையில் ஓர் இடத்தைக் காட்டினார்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் சின்னத் தட்டுதான். கீரைச் சாதம், ஒரு முட்டை. ஒரு பக்கம் இருந்த பெண்பிள்ளை தன் சாப்பாட்டை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதிருக்கும்.

"நீங்க புதுசாச் சேந்திருக்கியளா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன்.

சாப்பிடும்போது பேசக் கூடாது என்று டீச்சர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.